காண்டோர் தேடிச் செல்லும் ஒரு நாள் சுற்று: கலிஃபோர்னிய மாட்டுப் பண்ணை நாட்டிலிருந்து ஒரு மதிப்புரை

கலிஃபோர்னியாவின் சான் பெனிட்டோ கவுண்டியில், ஹாலிஸ்டர் நகருக்குத் தெற்கே விரிந்து கிடக்கும் மாட்டுப் பண்ணைகளுக்குள் அழைத்துச் சென்று, கலிஃபோர்னியா காண்டோர் என்னும் அரிய பாறு கழுகைத் தேடவைப்பதோடு, அந்த நிலத்தில் தலைமுறைகளாக மாடு வளர்க்கும் குடும்பங்களின் பழைய நினைவுகளையும் கேட்கவைக்கும் ஒரு நாள் வழிகாட்டிச் சுற்றைப் பற்றியது இந்த மதிப்புரை. சுற்றை நடத்துபவர் தனி ஆள்; தம்முடைய வேனில் ஐந்தாறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. தங்கள் பண்ணை வாயில் எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் தெரிவதை அந்தக் குடும்பங்கள் விரும்புவதில்லை என்பதால், அவருடைய பெயரையும் அவர்களுடைய பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். காண்டோரைக் கண்ணால் பார்த்தால் போதும் என்பவர்களுக்கு இந்தச் சுற்று தேவையில்லை, அதற்கு மலிவான வழி பக்கத்திலேயே இருக்கிறது. அந்தப் பறவை ஏன் மறைந்தது, எப்படித் திரும்பியது என்பதை அதோடு ஒரே நிலத்தில் வாழ்ந்தவர்களின் வாயால் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு, குறைகள் இருந்தும், கொடுக்கும் பணம் தகும்.

பறவையின் வரலாற்றை அறியாதவர்களுக்காகச் சில விவரங்கள். வட அமெரிக்காவில் பறக்கும் நிலப்பறவைகளில் இதுவே மிகப் பெரியது. சிறகை விரித்தால் ஏறத்தாழ ஒன்பதரை அடி நீளம். 1982இல் உலகம் முழுவதிலும் 22 காண்டோர்களே மிஞ்சியிருந்தன. எஞ்சியவற்றைப் பிடித்துக் கூண்டில் வைத்து இனம் பெருக்குவதா, காட்டிலேயே விட்டுக் காப்பதா என்ற கடுமையான வாக்குவாதத்துக்குப் பிறகு, 1987 ஏப்ரல் 19 ஈஸ்டர் ஞாயிறன்று, ஏசி-9 என்று குறிக்கப்பட்ட கடைசிக் காட்டுப் பறவையும் கலிஃபோர்னியாவின் பிட்டர் கிரீக் வனவிலங்குப் புகலிடத்தில் பிடிக்கப்பட்டது. அப்போது இருந்த மொத்தப் பறவைகள் 27. எல்லாமே சான் டியேகோவிலும் லாஸ் ஏஞ்சலிஸிலும் கூண்டுக்குள் இருந்தன. 1992 முதல் அவற்றின் வாரிசுகள் மீண்டும் காட்டில் விடப்பட்டன. 2002இல் அந்த ஏசி-9 பறவையையே மறுபடி திறந்துவிட்டார்கள். இந்தச் சுற்று நடக்கும் பகுதியை ஒட்டிய, இன்று தேசியப் பூங்காவாக உள்ள பினக்கிள்ஸில் 2003இல் விடுவிப்பு தொடங்கியது. நூறாண்டுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு அந்த எல்லைக்குள் 2010இல் ஓர் இணை கூடு கட்டியது. இன்று உலகில் 500க்கும் மேற்பட்ட காண்டோர்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேல் வெளியில் பறக்கின்றன.

இந்தப் பறவையை அடர்ந்த காட்டில் தேடாமல் மாட்டுப் பண்ணையில் தேடுவதற்குக் காரணம் அதன் உணவு. காண்டோர் வேட்டையாடுவதில்லை, செத்த பெரிய விலங்கைத் தின்றே வாழ்கிறது. இங்கு ஒரு காலத்தில் கூட்டங்கூட்டமாகத் திரிந்த எல்க் மான்களும் பிராங்ஹார்ன் மான்களும் அற்றுப்போன பிறகு, ஸ்பானியர் காலத்திலிருந்து பெருகிய மாடுகளும் ஆடுகளுமே கடற்கரையை விட்டு விலகிய உட்பகுதிகளில் அதற்குச் சோறு போட்டன. மேலேறும் காற்றுக்குச் சரிவுகள், இறங்கித் தின்ன மரமில்லாத புல்வெளி, உட்கார முகட்டு மரங்கள் ஆகிய மூன்றும் ஒன்றாக அமைந்த இடம் இந்த மேய்ச்சல் நிலம். ஆகவே காண்டோரின் கதையைப் பண்ணைக்காரரை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது. சுற்றை வடிவமைத்தவர் இதைப் புரிந்துகொண்டிருக்கிறார். அதுவே இதன் பலம்.

மலிவான வழி என்று சொன்னேன் அல்லவா? அது பினக்கிள்ஸ் தேசியப் பூங்கா. 1908இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டு, 2013இல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. ஒரு வாகனத்துக்கு 30 டாலர் கட்டினால் ஏழு நாட்களுக்குச் செல்லும். கிழக்கு வாயில் வழியாக நுழைந்து முகாமிடத்துக்குப் போனால், அதன் தென்கிழக்கில் தெரியும் முகட்டில் டர்க்கி வல்ச்சர் என்னும் சிறிய பாறு கழுகுகளோடு காண்டோர்களும் இரவு தங்குவதுண்டு. காலையில் வெயில் ஏறிக் காற்று சூடாகும் வேளையில் அவை ஒவ்வொன்றாக மேலெழும். பார்ப்பதற்கு அங்கேயே ஸ்கோப் என்னும் தொலைநோக்கி வைத்திருக்கிறார்கள். நடக்கத் தெம்பிருந்தால் ஹை பீக்ஸ் பாதையில் ஏறி அதிகாலையிலோ மாலையிலோ காத்திருக்கலாம். கிழக்கு வாயிலையும் மேற்கு வாயிலையும் இணைக்கும் சாலை பூங்காவுக்குள் இல்லை என்பதை வரைபடத்தில் கவனிக்காமல் வருபவர்கள் மலையைச் சுற்றிக்கொண்டு வெகுதூரம் ஓட்ட நேரிடும். சான் ஹொசே பக்கத்திலிருந்து குழந்தைகளோடு கிளம்பும் நம் குடும்பங்களுக்கு முதல் தடவைக்கு இதுவே ஏற்றது.

இனி சுற்றுக்கு வருகிறேன். விடிவதற்கு முன்பே ஹாலிஸ்டரில் ஏற்றிக்கொண்டு, 25ஆம் எண் நெடுஞ்சாலையில் ட்ரெஸ் பினோஸ், பைசீனஸ் ஊர்களைக் கடந்து தெற்கே போகிறார்கள். வழிகாட்டி வழியில் அதிகம் பேசுவதில்லை, பேசும்போது பயனுள்ளதாகப் பேசுகிறார். டர்க்கி வல்ச்சர் சிறகை மேல்நோக்கிச் சற்றே மடித்து வைத்து ஆடி ஆடிப் பறக்கும். அதன் சிறகின் அடியில் பின்பாதி வெளிறியிருக்கும். காண்டோரிலோ வெண்மை சிறகடியின் முன்பாதியில் நீள் முக்கோணமாக இருக்கும். சிறகு தட்டையாக, அசைவின்றி நிற்கும். பொன்னாங்கழுகின் இளம்பருவத்தில் சிறகிலும் வால் அடியிலும் வெள்ளைத் திட்டுகள் உண்டு, பெரும்பாலோர் ஏமாறுவது அங்கேதான். இவற்றைப் பறவை கண்ணில் படும் முன்பே இரண்டு மூன்று முறை சொல்லி மனத்தில் பதியவைத்துவிட்டார். பிறகு முகட்டுக்கு மேல் தெரிந்த ஒவ்வொரு கரும்புள்ளிக்கும் அவர் விடை சொல்லாமல் எங்களையே சொல்லவைத்தது எனக்குப் பிடித்தது. உடன் வந்த ஒருவருக்கு அது எரிச்சலாக இருந்தது.

காண்டோர் வந்தபோது எந்த ஐயமும் எழவில்லை. கிரே பைன் மரங்கள் நின்ற சரிவுக்கு மேலே, சிறிய விமானம் என்று எண்ணத்தக்க நிதானத்தோடு ஒன்று நேர்கோட்டில் வந்தது. சாலையோர முள்வேலிக்கு மேலே தாழ்ந்து திரும்பியபோது சிறகு நுனி இறகுகள் விரல்களைப்போலத் தனித்தனியே பிரிந்திருந்ததும், அவற்றினூடே காற்று கிழிபடும் ஓசையும் பைனாகுலர் இல்லாமலே தெளிவாக இருந்தன. தலை இன்னும் கறுப்பாக இருந்ததால் அது முதிராத பறவை. ஐந்தாறு வயதுக்குப் பிறகே தலை ஆரஞ்சும் இளஞ்சிவப்புமாக மாறும். சிறகில் எண் பட்டை இருந்தது. வழிகாட்டி எண்ணைக் குறித்துக்கொண்டு, அன்று மாலை அந்தப் பறவை எங்கே எந்த ஆண்டு பிறந்தது என்ற விவரத்தை அனுப்பினார். காண்டோருக்குக் குரல் உறுப்பு இல்லை. சீறலும் முனகலும் மட்டுமே. எனவே அந்தச் சிறகோசையைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. மோப்பமும் அதற்குக் குறைவு. செத்த விலங்கை டர்க்கி வல்ச்சரும் அண்டங்காக்கையும் முதலில் கண்டுபிடிக்க, இது அவற்றைப் பார்த்து இறங்கும்.

காண்டோர் கண்ணில் படும் என்று யாரும் உறுதி தரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கட்டணம் செலுத்தும்போதே பறவை வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்காது என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார். செத்த கன்றைப் போட்டுப் பறவையை வரவழைத்துக் காட்டும் வேலையும் இல்லை. விடுவிப்புக் களங்களில் பால்பண்ணைகளிலிருந்து வரும் பிறப்பிலேயே இறந்த கன்றுகளை அதிகாரிகள் உணவாக வைப்பதுண்டு. வணிகச் சுற்றுக்காரர் ஒருவர் அதைச் செய்யத் தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்தால், இந்தக் கட்டுப்பாட்டை மதிக்கத் தோன்றுகிறது.

முற்பகல் முழுவதும் ஒரு பண்ணை வீட்டின் திண்ணையில் கழிகிறது. எனக்கு அந்த நாளின் மிக நல்ல பகுதி அதுவே. வீட்டுக்காரர் எண்பதைக் கடந்தவர். அவர் மனைவி இன்னும் தெற்கே, சான் லூயிஸ் ஒபிஸ்போ கவுண்டியின் கிழக்குப் பகுதியில், சோலாம் பக்கத்துப் பண்ணையொன்றில் வளர்ந்தவர். கணவர் நன்றாகப் பேசுபவர், ஆனால் விவரங்களில் தாராளம். சிறுவயதில் கண்ட பறவையின் சிறகு ஆண்டுக்கு ஓரடி வளர்ந்திருக்கும் போலிருக்கிறது. மனைவி குறைவாகப் பேசினார், பேசியது நிலைத்தது. வழிகாட்டி அவர்களிடம் காண்டோர் பார்த்தீர்களா என்று ஒருமுறைகூடக் கேட்கவில்லை. கிணற்றடித் தொட்டியில் என்னென்ன பறவைகள் குளிக்கும், மாடு செத்தால் எங்கே இழுத்துப் போடுவீர்கள், அங்கே முதலில் எது வரும், கடைசியில் எது வரும், வந்தது மரத்தில் உட்காருமா தரையில் உட்காருமா என்று சுற்றி வளைத்துக் கேட்டார். பெரிய பறவை வந்ததும் மற்றவை விலகி நின்றன என்றும், தின்று முடித்தபின் அது சரிவில் தத்தித் தத்தி ஓடிக் காற்றைப் பிடித்தது என்றும், சிறகைத் தூக்கியபோது அக்குளில் வெள்ளை தெரிந்தது என்றும் அந்த அம்மா தாமாகவே சொன்னார். எந்த ஆண்டு என்ற கேள்விக்கு யோசித்துவிட்டு, சோலாம் சாலைச் சந்திப்பில் நடிகர் ஜேம்ஸ் டீனின் கார் மோதிய அதே இலையுதிர்காலம் என்றார். அப்படியானால் 1955. இப்படி ஊரறிந்த நிகழ்வோடு முடிச்சுப் போட்டுக் காலத்தைக் கண்டறிவதை அருகிலிருந்து பார்ப்பதற்காகவே இந்தச் சுற்றை நான் பரிந்துரைப்பேன்.

இந்த முறை புதியதல்ல. பெர்க்லி பல்கலைக்கழக மாணவராக இருந்த கார்ல் கோஃபோர்டு 1939இல் காண்டோரை ஆராயத் தொடங்கியபோது, மலையில் தாம் கண்டவற்றோடு, பண்ணைக்காரர்களும் வனக் காவலர்களும் சொன்னவற்றையும் தொகுத்தார். 1953இல் வெளியான அவருடைய ஆய்வு, சுமார் 60 பறவைகளே இருக்கும் என்று கணித்தது. பத்தாண்டுக்குப் பிறகு 1963-64இல், ஷான்டன் பகுதியில் தாங்களே பண்ணை நடத்திய இயன், எபன் மெக்மில்லன் சகோதரர்கள், விலங்கியலாளர் ஆல்டன் மில்லருடன் சேர்ந்து மீண்டும் கணக்கெடுத்தனர். எண்ணிக்கை 42ஆகக் குறைந்திருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து வருபவரிடம் வாய் திறக்காத ஒரு பண்ணைக்காரர், அதே வெயிலில் வேலி கட்டும் இன்னொரு பண்ணைக்காரரிடம் பேசியிருப்பார் என்பதை ஊகிப்பது கடினமில்லை. வழிகாட்டி இந்த வரலாற்றைத் திண்ணையிலேயே சொன்னார். முன்கூட்டியே வேனில் சொல்லியிருந்தால் எங்கள் கேள்விகள் இன்னும் கூர்மையாக இருந்திருக்கும்.

நினைவுகள் எல்லாமே இனிமையானவை அல்ல. ஓநாய்ச் சாதியைச் சேர்ந்த கொயோட்டிகளைக் கொல்ல இறைச்சியில் ஸ்ட்ரிக்னின் வைத்த காலத்தையும், தரை அணில்களுக்கு 1080 என்ற நஞ்சு கலந்த தானியத்தைத் தூவிய காலத்தையும் வீட்டுக்காரர் ஒளிக்காமல் பேசினார். பெரிய பறவை எதுவாயினும் கன்றைத் தூக்கிச் சென்றுவிடும் என்று நம்பித் துப்பாக்கி எடுத்தவர்கள் தம் தாத்தா காலத்தில் இருந்தார்கள் என்றார். காண்டோரின் கால் எதையும் பற்றித் தூக்கும் வலுவுடையதல்ல, அது கோழியின் காலைப்போல நடப்பதற்கே ஆனது. பறவையைக் காட்டிலும் அவருக்கு அச்சம் தந்தது அரசு. காண்டோர் உட்கார்ந்த முகட்டையெல்லாம் கையகப்படுத்திவிடுவார்கள் என்ற பேச்சு ஒருகாலத்தில் கவுண்டி முழுவதும் இருந்ததாம். இன்று அவர் பண்ணைக்கு ஆராய்ச்சியாளர்கள் வந்துபோகிறார்கள். வாயிற்கதவை மூடிவிட்டுப் போகிறவர்கள், திறந்துபோட்டுவிட்டுப் போகிறவர்கள் என்று அவர்களை இரண்டே வகையாகப் பிரித்துவைத்திருக்கிறார்.

பிற்பகலில் ஈயத் தோட்டாவைப் பற்றிய செயல்விளக்கம் ஒன்று உண்டு. தண்ணீர்க் குடங்களை வரிசையாக வைத்துச் சுட்டு, ஈயத் தோட்டா எத்தனை துகளாகச் சிதறுகிறது என்றும், செம்புத் தோட்டா எப்படி இதழ் விரித்து முழுதாகவே நிற்கிறது என்றும் காட்டுகிறார்கள். இன்றைக்குக் காட்டுக் காண்டோர்களைக் கொல்லும் காரணங்களில் ஈய நஞ்சே முதலாவது. துப்பாக்கியால் சுடப்பட்ட பன்றியின் குடலையோ அணிலையோ தின்னும்போது துகள் உள்ளே போகிறது. இரைப்பையின் அமிலம் அதைக் கரைத்து இரத்தத்தில் சேர்க்கிறது. செரிமானம் முடங்கி, இரைப்பை நிறைய உணவிருந்தும் பறவை பட்டினியால் சாகிறது. இப்பகுதிப் பறவைகளை அவ்வப்போது பிடித்து இரத்தம் சோதித்து, அளவு மீறினால் ஓக்லாந்து விலங்குக் காட்சிச்சாலையில் சிகிச்சை அளிக்கிறார்கள். காண்டோர் வாழும் பகுதிகளில் வேட்டைக்கு ஈயத் தோட்டா 2008 ஜூலையிலும், மாநிலம் முழுவதும் 2019 ஜூலையிலும் தடைசெய்யப்பட்டது. சட்டம் இருந்தும் பிரச்சினை தீராததற்கு வீட்டுக்காரர் ஒரு நடைமுறைக் காரணம் சொன்னார்: பெரிய துப்பாக்கிக்குச் செம்புத் தோட்டா எளிதாகக் கிடைக்கிறது, பண்ணையில் தினமும் பயன்படும் 0.22 அங்குலச் சிறு துப்பாக்கிக்குக் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை அதிகம். மனசாட்சிக்கு முன்னால் கடைத்தெருவைச் சரிசெய்யுங்கள் என்றார். துண்டறிக்கைகள் பேசாத செய்தி இது.

இதைக் கேட்கும்போது நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. கால்நடைக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலிமருந்து, செத்த மாட்டின் வழியாகப் பாறு கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து இந்தியா முழுவதும் அவற்றை அழித்தது. கால்நடைப் பயன்பாட்டுக்கு 2006இல் அது தடைசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்கில் எஞ்சியிருப்பவற்றின் எதிர்காலமும் மாடு மேய்ப்பவர்களின் கையில்தான் இருக்கிறது. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் உணவுண்ண வந்த கழுகுகளைக் கண்டவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களிடம் போய் உட்கார்ந்து, இந்த வழிகாட்டி கேட்டதுபோலப் பொறுமையாகக் கேட்டவர்கள் எத்தனை பேர்?

உணவைப் பற்றி ஒரு வரி. மதியம் ஓக் விறகில் வாட்டிய டிரை-டிப் மாட்டிறைச்சியும் ரொட்டியும் அவரைக் கறியும் தருகிறார்கள். மாட்டிறைச்சி உண்பவர்களுக்கு அது அருமை. சைவர்கள் முன்கூட்டியே சொன்னாலும் கிடைப்பது ரொட்டியும் இலைக் கலவையுமே. அவரைக் கறியிலும் இறைச்சி சேர்ப்பது வழக்கம் என்பதால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். புளிசாதம் கட்டிக்கொண்டு போவது நல்லது.

குறைகளில் முதன்மையானது நினைவுகளைப் பதிவுசெய்யும் விதம். வழிகாட்டி எல்லா உரையாடல்களையும் ஒலிப்பதிவு செய்கிறார். அந்தப் பதிவுகள் எங்கே சேமிக்கப்படுகின்றன, பேசியவர்களுக்குப் படி கிடைக்கிறதா, பிற்காலத்தில் ஆராய்ச்சியாளர்கள் கேட்க முடியுமா என்று விசாரித்தபோது, எல்லாம் தம் வீட்டுக் கணினியில் பத்திரமாக இருக்கிறது என்றார். எண்பது வயதுக்காரரின் நினைவை ஒரே ஒரு வன்தட்டில் வைத்திருப்பது பத்திரம் ஆகாது. கட்டணம் வாங்கி நடத்தும் சேவை, உள்ளூர் நூலகத்திலோ பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திலோ ஒரு படியைச் சேர்க்கும் ஏற்பாட்டையாவது செய்திருக்க வேண்டும். யார் சொன்னது, எந்த இடம், எந்தக் காலம், சொன்னவர் நேரில் கண்டதா கேள்விப்பட்டதா என்ற நான்கையும் குறிக்கும் தாளும் அவரிடம் இல்லை. கேள்வி கேட்கும் திறமைக்கு ஈடான ஒழுங்கு குறிப்பெடுப்பதில் இல்லை.

மற்றவை சிறியவை. வேனின் பின் இருக்கையில் கால் நீட்ட இடமில்லை; மண்சாலையில் முதுகு நோகும். கழிப்பறை பண்ணை வீட்டில் மட்டுமே. கையில் தரும் படத்தாள் பழையது. அதில் உள்ள பறவை எண்ணிக்கை இன்றையதன் பாதிகூட இல்லை. பிற்பகல் நான்கு மணிக்குமேல் இன்னொரு முகட்டில் காத்திருக்கவைப்பது, காலையில் பறவையைக் கண்டுவிட்டவர்களுக்கு இழுவையாகத் தோன்றும். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். திண்ணைப் பேச்சு அவர்களுக்கு ஒத்துவராது, பெரியவர்களின் பேச்சும் தடைப்படும்.

இத்தகைய சுற்றில் பதிவுசெய்பவர்கள், வேனில் எத்தனை பேர், எந்தப் பண்ணைக்குள் நுழைய எழுத்துப்பூர்வ அனுமதி இருக்கிறது, வீட்டார் பேச ஒப்புக்கொண்ட நாள் அதுதானா என்பவற்றை முன்பே கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். கன்று ஈனும் நாட்களிலும் மாடுகளுக்கு அடையாளச் சூடு போடும் நாட்களிலும் பண்ணைக்காரருக்கு உட்கார நேரம் இருக்காது. அப்போது போனால் பறவை மட்டுமே மிஞ்சும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வெப்பம் 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும் என்பதால் வசந்தமோ அக்டோபருக்குப் பிந்தைய வாரங்களோ உகந்தவை. புல்லில் உண்ணிகள் உண்டு, முழுக்கால் உடை அணியுங்கள். சொந்த வண்டியில் பின்தொடர்வதானால் ஹாலிஸ்டரிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். பைசீனஸைத் தாண்டினால் செல்பேசிக்கும் சிக்னல் கிடைப்பது அரிது, வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.